மேன்முறையீடு முடியும் வரை வரி மீளளிப்பை நிறுத்தி வைக்கலாமா?

வாசகர் கடிதம்: வலிகாமம் பகுதியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேமித்து வைக்கும் களஞ்சியங்களை நடத்தும் எட்டுப் பேர் சார்பில் எழுதுகிறேன். எங்கள் உள்ளூராட்சி சபை களஞ்சியங்களுக்கென்று ஒரு புதிய ஆண்டு வரியை விதித்து, ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 75,000 ரூபா வீதம் நான்கு ஆண்டுகள் வசூலித்தது. ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே கட்டினோம். பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்தோம். அந்த வரியை விதிக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை, 24 இலட்சம் ரூபாவையும் சட்ட வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகியது. இப்போது சபை மேன்முறையீடு செய்திருக்கிறது. காசு கேட்டுப் போனால், “மேன்முறையீடு போட்டாயிற்று, அது முடியும் மட்டும் ஒரு சதமும் தர ஏலாது” என்கிறார்கள். பணம் கொடுப்பதை நிறுத்தி வைக்கும்படி நீதிமன்றத்தில் மனுவும் கொடுத்திருக்கிறார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலைமை. அவர்கள் சொல்வது சட்டமா? மனுவை எதிர்ப்பதா, விட்டுவிடுவதா? இந்த ஆண்டுக்கும் அதே வரிக்கு அறிவித்தல் வந்திருக்கிறது, கட்ட வேண்டுமா? எங்களில் இருவர், பாதிக் காசைத் தந்தாலும் வாங்கி முடித்துவிடுவோம் என்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் அனுப்பியிருந்த தீர்ப்பின் பிரதியையும், சபையின் மனுவையும், சபைச் செயலாளரின் சத்தியக்கடதாசியையும் முழுமையாகப் படித்தேன். உங்களிடம் சொல்லப்பட்டது சட்டம் அன்று. மேன்முறையீடு செய்த காரணத்தால் மட்டும் ஒரு தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடுவதில்லை. நீதிமன்றம் தனியாக ஒரு கட்டளை பிறப்பித்தால்தான் அது நிற்கும், அந்தக் கட்டளைக்கும் நிபந்தனைகள் உண்டு. ஆகவே மனுவை விட்டுவிட வேண்டாம். ஆனால் ‘நிறுத்தவே கூடாது’ என்று மட்டும் வாதாடித் திரும்புவதிலும் உங்களுக்குப் பெரிய பயன் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்துவதானால் எந்த நிபந்தனைகளின் பேரில் என்பதே உங்கள் வழக்கில் உண்மையான கேள்வி.

இலங்கையில் இதை ஆள்வது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 761 ஆம், 763 ஆம் பிரிவுகள். மேன்முறையீட்டுக்கான காலம் கழியும் வரை நிறைவேற்ற விண்ணப்பம், அதாவது தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் விண்ணப்பம், ஏற்கப்படாது என்று 761 சொல்கிறது. அதே பிரிவு, எதிர்த்தரப்பு மேன்முறையீடு செய்துவிட்டால், தீர்ப்புப் பெற்றவர் 763 இன் கீழ் உடனடியாகவே விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது, சபையின் மேன்முறையீடு உங்கள் வழியை மூடுவதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பத்துக்கான வழியைத் திறந்து விட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த விண்ணப்பத்தை இன்னும் செய்யவில்லை என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. சபைக் காரியாலயத்துக்குப் போய்ப் பணம் கேட்பது எத்தனை முறை நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் நிறைவேற்ற விண்ணப்பம் ஆகாது. உங்கள் சட்டத்தரணி தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சபையை அதில் எதிர்மனுதாரராக்க வேண்டும். சபை முந்திக்கொண்டு மனு வைத்திருப்பதால், இரண்டையும் ஒரே தவணையில் ஒன்றாக விசாரிக்கும்படி கேட்பது நல்லது. ஒரு பக்கத்து மனு மட்டும் மேசையில் இருக்கும்போது, அதை அனுமதிப்பதா மறுப்பதா என்ற கேள்வியோடு விசாரணை முடிந்துவிடும். உங்கள் விண்ணப்பமும் இருந்தால்தான் பணத்தை யார் கையில், எப்படி வைப்பது என்ற பேச்சு எழும்.

அதற்கு முன், மேன்முறையீடு ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை வழக்கேட்டில் பார்த்துவிடுங்கள். தீர்ப்பிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யப்பட வேண்டும். அறிவித்தலுக்கான 14 நாட்களைக் கணக்கிடும்போது தீர்ப்பு நாள், தாக்கல் செய்த நாள், ஞாயிற்றுக்கிழமைகள், பொது விடுமுறைகள் ஆகியன கழிக்கப்படும். பதிவாளரின் முத்திரையில் உள்ள திகதியே கணக்கு, மனுவின் அடியில் தட்டச்சிட்ட திகதி அல்ல.

இனி 763 ஆம் பிரிவு. நிறைவேற்றத்தை நிறுத்தி வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, தகுந்தவை என்று கருதும் நிபந்தனைகளையும் விதிக்கலாம். ஆனால் இரண்டு விடயங்கள் இருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் தனக்குக் கணிசமான நட்டம் ஏற்படக்கூடும் என்று பணம் கொடுக்க வேண்டியவர் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். அத்துடன், இறுதியில் தன்னைக் கட்டுப்படுத்தக்கூடிய தீர்ப்பை ஒழுங்காக நிறைவேற்றுவதற்குப் பிணையும் கொடுக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று போதாது, இரண்டும் வேண்டும்.

சபையின் சத்தியக்கடதாசியில் நட்டம் பற்றி இருப்பது ஒரே ஒரு பந்தி: இது பொதுமக்களின் பணம் என்றும், கொடுக்க நேர்ந்தால் சபையின் அபிவிருத்தி வேலைகள் பெரிதும் பாதிக்கப்படும் என்றும் செயலாளர் கூறுகிறார். எந்த வேலை, எந்த நிதி ஒதுக்கீடு, ஆண்டு வருமானம் எவ்வளவு, அதில் 24 இலட்சம் எத்தனை பங்கு என்ற ஒரு விபரமும் இல்லை. வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பக்கம்கூட இணைக்கப்படவில்லை. பணம் கொடுக்க வேண்டியிருப்பது எல்லாத் தோற்ற தரப்பினருக்கும் பொதுவான விளைவு, அதையே கணிசமான நட்டம் என்று ஏற்றால் அந்த நிபந்தனைக்குப் பொருளே இருக்காது. வெறும் அசௌகரியமும் மனச்சங்கடமும் போதாது என்பது எங்கள் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் நிலைப்பாடு. உங்கள் ஆட்சேபனையின் முதற்பகுதி இந்தப் பந்தியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

பிணை பற்றி மனுவில் ஒரு வசனம் இருக்கிறது: ‘மனுதாரர் ஏற்கனவே சட்டப்படி பிணை வைத்துள்ளார்’. இதை வாசித்துவிட்டு நீங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து விளங்குகிறது. தயவுசெய்து ஏற்காதீர்கள். மேன்முறையீட்டு அறிவித்தலுடன் வைக்கப்படும் பிணை, மேன்முறையீட்டில் உங்களுக்கு ஏற்படும் வழக்குச் செலவுக்கானது. அது 755 ஆம் பிரிவின் கீழ் எல்லா மேன்முறையீட்டாளரும் வைக்க வேண்டிய சிறு தொகை. 763 கேட்பது 24 இலட்சமும் வட்டியும் சேர்ந்த தீர்ப்புத் தொகை பிற்காலத்தில் உங்கள் கைக்கு வரும் என்பதற்கான பிணை. இரண்டும் வெவ்வேறு நோக்கத்துக்கானவை. முதலாவதின் பற்றுச்சீட்டைக் காட்டி இரண்டாவதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. பொதுச்சபை எங்கே ஓடிவிடப் போகிறது, அதனிடம் ஏன் பிணை என்று மறுதரப்பு கேட்கக்கூடும். பிரிவின் சொற்கள் பணம் கொடுக்க வேண்டிய எல்லோருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டுள்ளன என்றும், உங்கள் கவலை சபை மறைந்துவிடும் என்பது அன்று, நிதி ஒதுக்கீடு இல்லை என்று ஆண்டுதோறும் தள்ளிப் போடப்படும் என்பதே என்றும் உங்கள் சட்டத்தரணி பதில் கூறலாம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சபை அலுவலர்களின் மறுப்பைத் தனிப்பட்ட பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளூராட்சி சபைகளின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆய்வு செய்கிறார். மேன்முறையீடு நிலுவையில் இருக்கையில் ஏன் பணத்தை விடுவித்தீர்கள் என்ற ஒரு கணக்காய்வு வினாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் செயலாளரே. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் சபைகள் மீண்டும் கூடும் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்படிப் பழகிப்போன அலுவலர் ஒருவர், தன்னைப் பாதுகாக்கும் ஒரு தாள் கையில் இல்லாமல் காசோலையில் கையொப்பமிட மாட்டார். அந்தத் தாள் நீதிமன்றக் கட்டளை. ஆகவே நீங்கள் விண்ணப்பம் செய்வது அவருக்கும் உதவியே.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மேன்முறையீட்டில் வென்றவர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதும் நீதியின் ஒரு பகுதியே. இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1879 இல் வில்சன் எதிர் சேர்ச் வழக்கில் கூறிய இந்தக் கொள்கை, அந்தச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. உங்கள் விடயத்தில் சபையிடம் இருக்கும் பலமான வாதம் அபிவிருத்தி பற்றியது அல்ல, நீங்கள் எட்டுப் பேர் என்பதுதான். பணம் எட்டாகப் பிரிந்து, ஒருவர் கடனை அடைத்து, ஒருவர் கூரையைத் திருத்தி, ஒருவர் பிள்ளையிடம் வெளிநாடு போய்விட்ட பிறகு தீர்ப்பு மாறினால், சபை எட்டுப் பேரையும் தனித்தனியாகத் தேடித் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். சபையின் மனுவில் இந்த வாதம் இன்னும் இல்லை. ஆனால் நல்ல சட்டத்தரணி ஒருவர் எழுந்து பேசினால் இதைத்தான் முதலில் சொல்வார். அதற்கு முன்னதாகவே நீங்கள் பதிலை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதில் ஒரு முன்மொழிவாக இருக்கட்டும். முதலாவதாக, வங்கி உத்தரவாதத்தின் பேரில் தொகையை விடுவிக்கக் கேட்கலாம். மேன்முறையீட்டில் நீங்கள் தோற்றால் வங்கியே சபைக்குப் பணத்தைச் செலுத்தும் என்ற உத்தரவாதம் இருக்கையில், திரும்பப் பெற முடியாமல் போகும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் வங்கி இதற்குத் தரகுக் கட்டணம் எடுக்கும், பெரும்பாலும் ஒரு பகுதியை வைப்பாகவும் கேட்கும். மூன்று இலட்சம் பெறுவதற்கு ஆண்டுதோறும் அந்தச் செலவைச் சுமப்பது ஒவ்வொருவருக்கும் ஆதாயமா என்பதை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். எட்டுப் பேரும் ஒரே முடிவெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பணம் அவசரமாகத் தேவைப்படுபவர் தன் பங்குக்கு மட்டும் உத்தரவாதம் தரலாம்.

இரண்டாவது, எனக்கு அதிகம் பிடித்தது: சபை முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் வைப்பிலிட வேண்டும், அது அரச வங்கி ஒன்றில் வட்டி தரும் நிலையான வைப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பது. பணம் சபையின் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. வெல்பவர் வட்டியோடு எடுத்துக்கொள்வார். இரு தரப்பின் நியாயமான அச்சமும் இதில் தீர்கிறது, ஆதலால் நீதிபதிக்கும் கட்டளையிட இலகுவானது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. தீர்ப்பின்படி உங்களுக்குச் சட்ட வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் நீதிமன்றத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த வட்டி நின்றுவிட்டது, இனி வைப்பு வட்டி மட்டுமே என்று சபை பின்னர் வாதிடக்கூடும். நிலையான வைப்பின் வட்டி சட்ட வட்டியிலும் குறைவாக இருந்தால் வித்தியாசத்தை யார் ஏற்பது என்பதைக் கட்டளையிலேயே ஒரு வசனமாக எழுதுவித்துக்கொள்ளுங்கள். முதிர்வுத் திகதியில் வைப்புத் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையும் சேருங்கள். இல்லையென்றால், ஆண்டு முடிவில் யாரும் கவனியாமல் அது வெறும் சேமிப்பாகக் கிடக்கலாம்.

வட்டி சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். சட்டக்கோவையின் 192 ஆம் பிரிவின் கீழ் வழங்கப்படும் சட்ட வட்டியின் வீதத்தை மத்திய வங்கி ஆண்டுதோறும் நிர்ணயித்து வர்த்தமானியில் அறிவிக்கிறது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 24 இலட்சத்துக்கு மூன்று ஆண்டுகளில் 720,000 ரூபா சேர்கிறது. இந்தத் தொகையைச் சபைக்கும் காட்டலாம். தோற்றால் தங்கள் கையிலிருந்து போகப்போவது 24 இலட்சம் மட்டும் அல்ல, அதைவிடக் கூடுதல் என்று தவிசாளரும் உறுப்பினர்களும் உணர்வது, மேன்முறையீட்டைத் தொடர்வதா என்று அவர்கள் முடிவெடுக்க உதவும்.

நிறுத்தி வைக்கக் கேட்கும் சபையின் மனுவின் மேல் நீதிபதி பிறப்பிக்கும் கட்டளை உங்களுக்குப் பாதகமாக இருந்தால், 14 நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்தில் அனுமதி கோரி விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான குடியியல் மேன்முறையீடுகள் 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்னர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே செல்கின்றன, கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

இந்த ஆண்டு வரி அறிவித்தலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நிதானம் வேண்டும். நிறுத்தி வைக்கும் கட்டளை கிடைத்தாலும், அது பணம் கொடுப்பதைத் தள்ளிப்போடும், தீர்ப்பை அழிக்காது. மேல் நீதிமன்றம் மாற்றும் வரை, அந்த வரிக்கு அதிகாரமில்லை என்ற முடிவு முடிவாகவே நிற்கிறது. அதன் அடிப்படையும் உறுதியானது: பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அல்லது நடைமுறையிலிருக்கும் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆயினும் உங்கள் தீர்ப்பின் இறுதிப் பகுதியில் மீளளிப்புக் கட்டளையும் அதிகாரமின்மை பற்றிய வெளிப்படுத்துகையும் மட்டுமே இருக்கின்றன. இனி வசூலிக்கக் கூடாது என்ற தடைக்கட்டளை இல்லை. எனவே அறிவித்தலைக் குப்பையில் போட்டுவிட்டு இருக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக, தீர்ப்பின் திகதியையும் வழக்கு இலக்கத்தையும் குறிப்பிட்டு, இந்த வரி செலுத்தப்பட வேண்டியதில்லை என்ற ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சபை பறிமுதல் நடவடிக்கை என்று அச்சுறுத்தினால், உடனே நீதிமன்றத்தில் தடைகோருங்கள். களஞ்சிய அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நெருக்கி, கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், பற்றுச்சீட்டின் முகப்பிலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது’ என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள். கடந்த நான்கு ஆண்டுகளும் நீங்கள் அப்படிச் செய்திருந்ததே உங்கள் வெற்றிக்கு ஒரு முக்கிய காரணம் என்று தீர்ப்பின் வாசகமே காட்டுகிறது. வழக்கமான சோலைவரி வேறு, அதை நிறுத்த வேண்டாம்.

உங்கள் மருமகன் இந்தியத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அது 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்த்த மபத்லால் இன்டஸ்ட்ரீஸ் வழக்காக இருக்க வேண்டும். தவறாக வசூலிக்கப்பட்ட வரியானாலும், அந்தச் சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்டவர் மீளளிப்புக் கேட்க முடியாது என்பது அதன் சாரம். அது எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும், களஞ்சியக் கூலியை உயர்த்தி விவசாயிகளிடம் வரியை வசூலித்துவிட்டீர்கள் என்று சபை மேன்முறையீட்டில் சொல்லக்கூடும். வரி வந்த ஆண்டிலும் அதற்கு முந்திய ஆண்டிலும் மூடை ஒன்றுக்கு நீங்கள் அறவிட்ட கூலியைக் காட்டும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை ஒருவரும் எறிந்துவிட வேண்டாம்.

உங்கள் நண்பர் ஒருவருக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துடன் பெறுமதி சேர் வரி பற்றிய பிணக்கு இருப்பதாகவும், அவரும் இதே முறையில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்ய முடியாது. அது வேறு பாதை. 2011 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குச் சென்று, அதற்கு மேல் சட்டவினா ஒன்றின் பேரில் மட்டும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்தப் பாதையின் கால எல்லைகள் வேறு. அவர் தன் ஆவணங்களோடு தனியாக ஆலோசனை பெற வேண்டும்.

கடைசியாக, பாதியை வாங்கி முடிப்போம் என்ற இருவர். அவர்களைக் கோபிக்க வேண்டாம், மூன்று இலட்சம் முடங்கிக் கிடப்பது சிறு வியாபாரிக்குப் பெரிய வலி. ஆனால் இன்று பாதிக்கு இணங்குவது, தீர்ப்புக் கையில் இருக்கும்போதும், மறுதரப்புப் பிணை கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும்போதும் இணங்குவதாகும். மனுவின் மீதான கட்டளை வரும் வரையாவது பொறுத்திருக்கச் சொல்லுங்கள். முழுத் தொகையும் நீதிமன்றத்தில் வைப்பிலிடப்பட வேண்டும் என்று கட்டளையானால், சபை தானாகவே பேச்சுக்கு வரக்கூடும், அப்போது பேசும் தொகை பாதியாக இருக்காது. அதற்குப் பின்னும் அவர்கள் தங்கள் பங்கை முடித்துக்கொள்ள விரும்பினால், சபையின் தீர்மானம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இணக்கத்தை நீதிமன்றத்துக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும். சபைக் காரியாலயத்தில் ஒரு தாளில் கையொப்பமிட்டுக் காசோலை வாங்கி வருவதாக அது இருக்கக் கூடாது. அந்தத் தாளில் ‘வழக்காளிகள் அனைவரினதும் முழுமையான தீர்வாக’ என்ற சொற்கள் இருந்தால், மற்ற ஆறு பேரின் உரிமையிலும் சபை கைவைக்க முயலும். இணக்கப் பத்திரத்தில் அவரவர் பெயரும் அவரவர் தொகையும் மட்டுமே இருக்க வேண்டும் என்பதை, கையொப்பமிடுவதற்கு முன் உங்கள் சட்டத்தரணி பார்த்து உறுதி செய்யட்டும்.